முழங்கை மட்டும் விழுந்த குடும்பப் படம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் முட்டாள்தனத்தை நானே ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? ஆனால் நண்பன் சொல்கிற கதையில் எனக்கு அடி விழுகிறது. உண்மையில் அடி விழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஓணம் கழிந்த வாரம், திருவனந்தபுரம் கரமனையில் நடந்தது. நான் சாலைக் கடைத்தெருவில் ஆணி, தாழ்ப்பாள் விற்கிறவன். நண்பன் ப்ளைவுட்டில் ஒரு பிலிம் கேமரா செய்திருந்தான். படம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக விழும். திருகாணி எல்லாம் நான் கொடுத்தது. அந்த உரிமையில் லென்ஸையும் நானே தேர்ந்தெடுத்தேன், பளபளப்பைப் பார்த்து.

அவன் அக்கா கல்யாணமாகி, அந்த ஞாயிற்றுக்கிழமை கனடா போவதாக இருந்தாள். குடும்பம் முழுக்க இருக்கிற ஒரு படம் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் காரை யார் எங்கே நிறுத்துவது என்ற சண்டையில் இரண்டு பெரியப்பாக்கள் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. நீளப் படம், ஆளுக்கொரு கோடியில் நிற்கலாம் என்றதும்தான் சம்மதித்தார்கள்.

லென்ஸும் குடை மாதிரிதான். சின்னக் குடைக்குள் ஐந்து பேர் நின்றால் ஓரத்து ஆள் நனைவான். சின்ன லென்ஸின் வெளிச்சமும் நீளப் பிலிமின் முனைகளுக்கு எட்டாது. எனக்கு அது தெரியாது. பிலிம் போடுமுன் கேமராவின் பின்னால் ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, அதில் விழுந்த பிம்பத்தைப் பார்த்தேன். நடுவில் அக்கா முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஓரம் ரெண்டும் பாத்தியாடா?" என்றான் நண்பன்.

"எல்லாம் நோக்கியாச்சு. நீ ஆளை நிறுத்துடே." பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எடுத்தோம். சாயங்காலம் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்த்தால், படத்தின் இரண்டு முனையும் கரி. மூத்த பெரியப்பா மொத்தமாகக் காணோம். இளையவருக்கு ஒரு முழங்கை மிச்சம்.

"என்னை வேணும்னே வெட்டிட்டே, அல்லே?" மூத்தவர் என்மேல் பாய்ந்தார்.

"அண்ணா, நீயாவது முழுசாப் போனே. என் கதியைப் பாரு, வெறும் முழங்கை!" என்றார் இளையவர்.

ஆறு வருடத்தில் அவர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா படத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனதும் அது நின்றுவிட்டது. பின்னாலேயே போய், "ஓரம் நான் பாக்கல்லேக்கா, பொய் சொன்னேன்" என்றேன்.

மறுநாள் நண்பன் கழக்கூட்டம் என்ற பக்கத்து ஊரில் ஒருவரிடம் பெரிய லென்ஸ் இரவல் வாங்கி வந்தான். இந்த முறை முதலில் ஓரத்தைப் பார்த்தேன். கோடியில் நின்ற ஸ்கூட்டரின் நம்பர்கூடத் தெரிந்தது. ஆனால் பெரியப்பாக்களுக்கு ஓரத்தில் நம்பிக்கை போய்விட்டது. இருவரும் இடித்துப் பிடித்து நடுவுக்கு வந்து, அக்காவுக்குப் பின்னால் தோளோடு தோள் நின்றார்கள்.

"அப்போ ஓரத்துல யாரு?" என்றான் நண்பன்.

"அவனை நிறுத்துங்கோ! காணாமப் போனா அவனே போகட்டும்!" மூத்தவர் என்னைக் காட்டினார்.

நின்றேன். செருப்பு வரை தெளிவாக விழுந்திருக்கிறேன். இப்போது கனடாவில் ஒரு சுவரில், அந்தக் குடும்பத்துக்கு எந்த உறவும் இல்லாத ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

நடுவில் இருப்பவர்கள் எப்படியும் கண்ணில் படுவார்கள், ஓரத்தில் நிற்பவர்களை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை.

இதை எழுதி நண்பனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"படிச்சேன்டா, இதிலயும் நடுவுல நீதான் நிக்கறே."