குண்டு எறியும் கை

திருச்சுழி பஸ்ஸில், கழுத்தில் டேப் தொங்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா, கேட்காமலே என் ஜாக்கெட் கையை இழுத்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். எரிச்சலாக வந்தது. போனில் உலகப் போட்டியின் தொடக்க விழா அணிவகுப்பைப் பார்த்தேன். நம் வீராங்கனைகள் ஒரே மாதிரி சேலையில் வந்தார்கள். அவர் சட்டென்று விரலால் தட்டிப் படத்தை நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளை என்ன விளையாடுது?"

"குண்டு எறியிறவங்க."

"கையில இருக்குற கொடிய நெஞ்சுக்கு மேல தூக்க முடியல பாரு. ஒல்லிப் பிள்ளைக்கு வெட்டுன அளவுலயே இதுக்கும் ஜாக்கெட்டு வெட்டியிருக்காக."

"சும்மா நடக்கத்தானக்கா செய்றாக?"

"அந்தக் கைக்காகத்தானே கூட்டிட்டுப் போனாக? அதை அளக்க ஒரு ஆளில்லையா?"

ஊர் வந்ததும் எழுந்து மேல்கம்பியைப் பிடித்தேன். என் அக்குளில் தையல் டர்ரென்று பிரிந்தது.

அந்த அம்மா உச்சுக்கூடக் கொட்டவில்லை.