வாயை மட்டும் அசைத்தால் போதும்

மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோதுதான் நடிகைக்கு அந்தப் போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் அவள் வாடகைக்கு எடுத்து நடத்தும் வீட்டை மாநகராட்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பூட்டிச் சீல் வைக்கப் போகிறார்களாம். நோயாளிகளுக்குத் துணையாக வரும் பெண்கள் குளிக்க, சமைக்க, காலை நீட்டிப் படுக்க அந்த வீடு ஒன்றுதான். அது வருவதற்கு முன் அவர்கள் வார்டு வராந்தாவில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள்.

"குடியிருக்கிற தெருவுல லாட்ஜ் நடத்துறோம்னு பக்கத்து வீட்டுக்காரங்க புகார் குடுத்திருக்காங்கக்கா," என்றாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண். "லாட்ஜாம் லாட்ஜு. இருக்கிறது ஒரே ஒரு பாத்ரூம்."

நடிகை உடனே மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தான் யார் என்று சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் செல்லமாகக் கண்டித்தார்.

"பாப்பா, போனை வச்சு விளையாடக் கூடாது. வீட்டுல பெரியவங்க இருந்தா குடு."

பாப்பாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. முகமும் உடம்பும் வயதுக்கு ஏற்றபடி வளர்ந்துவிட்டன. குரல் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது. நாடகக் குழுவில் இருந்தவரை அவளுக்குச் சிறுவன் வேஷம்தான். பிறகு தொலைக்காட்சித் தொடரில் மாமியார் வேஷம் கிடைத்தது. மருமகள்களை மூட்டை முடிச்சோடு வீட்டை விட்டுத் துரத்த வேண்டும். முதல் நாளே இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வாயை மட்டும் அசைங்க மேடம். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மற்றதைப் பார்த்துக்கொண்டவள் ஒரு டப்பிங் கலைஞர். ஸ்டுடியோவில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். ஒன்பது வருஷமாக முகம் இவளுடையது, குரல் அவளுடையது. வெளியில் அதிகம் பேருக்கு அது தெரியாது. அதனால் இவள் பொது இடத்தில் வாயைத் திறந்தாலே வம்புதான். ஆஸ்பத்திரி வாசலில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு நடந்த போராட்டத்தில் மைக்கைப் பிடித்தாள். இரண்டு வாக்கியம் போகவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "டப்பிங் இன்னும் வரலைப்பா," என்றான். கூட்டம் சிரித்துக் கலைந்தது. கழிப்பறை இன்றுவரை வரவில்லை.

அன்று மதியமே மண்டல அலுவலகத்துக்கு நேரில் போனாள். எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அந்த 'வெளியே போடி' ஒரு தடவை சொல்லுங்க மேடம்," என்றார்கள். சொல்லவில்லை. அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங் முடியவே இல்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓசைப்பட அடுக்கினாள்.

"உன்னை வாயைத் திறக்காம இருக்க வச்ச ஒரே ஆள் அந்த டைரக்டர்தான்," என்றார் கணவர். "எப்படின்னு கேட்டு எனக்கும் சொல்லேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெண்கலத்தின் வீட்டுக்குப் போனாள்.

"ஒரே ஒரு போன்க்கா. நான் பேசற மாதிரி பேசிடுங்க."

வெண்கலம் முயன்று பார்த்தாள். காய்கறி விலை கேட்கிற குரல்தான் வந்தது. "எதிர்ல உன் மூஞ்சி இல்லாம எனக்கு அது வராதுடி. இப்படி வந்து உக்காரு. நீ அசை, நான் பேசறேன்."

இருவரும் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் போன். நடிகை சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள், வெண்கலம் பேசினாள். எழுத்தர் ஒருவர்கூடக் குறுக்கே வரவில்லை. அதிகாரியே லைனுக்கு வந்தார்.

"அம்மா, நீங்களா? எங்க வீட்டுல உங்க குரல் கேட்டா குழந்தை தானா சாப்பிடும். வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன். உங்க வாயாலயே கேட்டுக்கறேன்மா."

நடிகையின் உதடு நின்றது. புருவம் ஏறியது.

"வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்," என்றது வெண்கலத்தின் குரல். போன் வைக்கப்பட்டது.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"நீதானே புருவத்தைத் தூக்கினே."

"அது பயத்துலக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருஷமா நீ புருவம் தூக்கினா நான் யாரையோ மிரட்டணும்னுதானே அர்த்தம்."

வெள்ளிக்கிழமை தன்னோடு வரச் சொன்னதற்கு வெண்கலம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பேச நான் என்ன ரேடியோவா? நீயே பேசு."

அதிகாரி சொன்னபடி வந்தார், சீல் வைக்கும் ஆட்களோடு. நடிகை வணக்கம் வைப்பதற்குள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் முந்திக்கொண்டு, "அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு சார்," என்றாள். நடிகைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஆட்டினாள். உள்ளே பெண்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருத்தி குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றாள். இன்னொருத்தி, "டிவியில இந்தம்மா ரொம்ப மோசம் சார். இங்க பரவாயில்லை," என்றாள். அதிகாரி சிரித்தார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள முறைப்படி அனுமதி வாங்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு. ஆம்பளைங்க வந்து போறதா புகார்ல இருக்கு. அதை மட்டும் நீங்க சொல்லுங்கம்மா."

கணவனை அறுவைச் சிகிச்சைக்கு விட்டுவிட்டு வந்திருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு நிற்க நடிகையால் முடியவில்லை.

"யாரும் வர்றதில்லை சார். போன மாசம் பிளம்பர் வந்தாரு, அவ்வளவுதான். அப்படி எழுதினவங்களைக் கூப்பிட்டு இவங்க முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

"ஐயோ, தொண்டை ரொம்ப மோசமா இருக்கே. பேசாதீங்கம்மா, பேசாதீங்க."

"கட்டலை சார். என் குரலே இதுதான். போன்ல பேசினது வேற ஆள்."

அதிகாரியின் முகம் மாறியது. வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரல் கைவிட்டுப் போன வருத்தம் அதில் வெளிப்படையாகவே தெரிந்தது.

"போன்ல ஏமாத்தினவங்க இப்ப சொல்றதை நான் எப்படி நம்பறது?"

"இப்ப பேசறது நான்தானே சார்."

அவர் வாசலைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். சீல் வைக்க வந்த ஆட்களைத் திரும்பிப் போகச் சொன்னார். "ஒரு மாசம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க," என்று வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் வெடித்தாள். "மூணு மாசம்னு அவர் வாயால வந்துச்சேக்கா. கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

நடிகை முகத்தைத் தண்ணீரில் அலசிக்கொண்டு வந்தாள். ஷூட்டிங்குக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது.

"திங்கட்கிழமை அனுமதி வாங்கற ஆபீஸுக்கு நீயும் கூட வா," என்றாள்.

"பேசறது நீங்க. நான் எதுக்குக்கா?"

"நான் பேசறப்ப எவனெவன் சிரிக்கிறான்னு பாத்து வை. அவன்கிட்ட முதல்லேருந்து மறுபடி சொல்லணும்."