திருவிழாக் காணியில் விட்ட ஓட்டோ

மூன்று வருடம் இருக்கும். நல்லூர்த் திருவிழா நேரம். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் ஓட்டோவின் கிளச் கம்பி அறுந்துவிட்டது. கோயிலுக்குப் பக்கத்து வீடுகளில் அந்த நாட்களில் காசுக்கு வாகனம் விட முற்றத்தைக் கொடுப்பார்கள். அப்படி ஒரு காணிக்குள் தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். மறுநாள் காலை மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் கம்பியை மாற்றி ஓட்டோவை வெளியே எடுத்தேன்.

காணிக்காரர் திருவிழா முழுவதற்கும் காசு கேட்டார். உள்ளே வந்த வாகனத்துக்கு அதுதானாம் கணக்கு. அப்படி ஓர் அறிவித்தலும் அங்கே இல்லை. ஒரு நாள் காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் போக, கோட்டு அழைப்பாணையைக் கையில் கொடுக்கும் உத்தியோகத்தர், பிஸ்கால், வீட்டுக்கு வந்தார். மனைவி என்னைப் பின்பக்கம் தள்ளினாள்.

"போய் நில்லுங்கோ. ஆளில்லை எண்டு சொல்லுறன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கோட்டுப் படி ஏறினால் மானம் போய்விடும். வாழைக்குள் நின்றேன். பட்டப்பகல். களவெடுக்காதவன் கள்ளன் மாதிரி நிற்கிறேன். வெளியே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

காணிக்காரர் என்மேல் வழக்குப் போட்டிருந்தார். திருவிழா முடியும்வரை ஓட்டோ அங்கேயே நின்றதாம். பச்சைப் பொய். தோற்றால் அவர் கேட்ட காசுக்கும் வழக்குச் செலவுக்கும் ஓட்டோவையே விற்க வேண்டி வரும். அதுதான் எங்கள் சோறு.

"குடுத்துத் துலையுங்கோ அத்தான், உவனோடை ஆர் அலையிறது?" என்றான் மச்சான்.

"அப்ப நீ குடு," என்றேன்.

சட்டத்தரணி அம்மா ஒருவரிடம் போனேன்.

"நடந்ததை ஓம் எண்டு சொல்லுங்கோ, நடக்காததை இல்லை எண்டு சொல்லுங்கோ. ஏச்சு வேண்டாம். தவணை நாளிலை கோட்டுக்கு வராட்டில் காணிக்காரர் சொன்னதுதான் தீர்ப்பு."

அப்படியே கோட்டில் மறுமொழி போட்டோம்.

தவணையன்று எனக்கு முன் வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். அதே காணிக்காரர் போட்ட வழக்குகள். ஒருவரும் வரவில்லை. அவர் கேட்டதெல்லாம் கிடைத்தது. சிரித்துக்கொண்டிருந்தார். என் பெயருக்கு நான் எழும்பியதும் சிரிப்பு நின்றது. மெக்கானிக் சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடி.

வராதவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்த பால்காரர். ஏன் வரவில்லை என்று பிறகு கேட்டேன்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம் தம்பி," என்றார்.

எங்கள் வெட்கத்தை நம்பித்தான் அந்த ஆள் வழக்குப் போட்டிருக்கிறார் என்பது, வென்ற பிறகும் நெஞ்சில் எரிகிறது.