உள்ளே கழுவாத இட்டோ

"முதுகத் தேய்க்கிறேன், அக்குளத் தேய்க்கிறேன். உங்க மருமகளுக்கு உள்ள மட்டும் கை விட மாட்டேன். அது என்ன கறிச்சட்டியா, படிகாரம் போட்டு விளக்குறதுக்கு?"

செஃப்ரூ ஊர்ப் பொதுக் குளியல்கூடமான ஹம்மாமில், குளிக்க வந்த அத்தனை பெண்கள் முன்னாலும் இட்டோ இப்படிச் சீறியது ஹாஜ்ஜா மன்னானாவிடம். முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு உடம்பு தேய்த்துவிடுகிறவள் இட்டோ. நான் வாசலில் காசு வாங்குகிறவள். சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன்.

மன்னானாவின் மருமகள் ஷாமாவுக்கு ஐந்தாம் மாசம். போன பிள்ளை ஏழாம் மாசமே வெளியே வந்து, தங்காமல் போயிற்று. இந்த முறை கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் படுகிறது, மீன் நாற்றம் வேறு. அழுக்கென்று நினைத்த மாமியார் ஒரு சொம்பில் படிகாரமும் வினிகரும் கலந்து கொண்டுவந்திருந்தாள். நாங்களெல்லாம் காலங்காலமாக அப்படித்தான் கழுவினோம். நானும்தான்.

"குளிப்பாட்டுறவ கழுவ மாட்டேன்னா எதுக்குடி உனக்குக் கூலி?" என்றாள் மன்னானா.

"கூலி வேணாம் லல்லா" என்று மரியாதை குறையாமலே சொன்னாள் இட்டோ. "இது அழுக்கு இல்ல, நோவு. எனக்கும் இப்படித்தான் நாறிச்சு. கழுவக் கழுவ அதிகமாச்சு. ரெண்டு புள்ளைய அரைகுறையாப் பெத்துப் பொதச்சப்புறம்தான் நர்சு சொன்னா, உள்ள இருக்குற நல்ல கிருமியையும் சேத்துக் கழுவிட்டியேன்னு."

"கிருமியில நல்லது வேறயா?"

"தயிரு எதுனால உறையுதாம்? அத மட்டும் வழிச்சு நக்குறீங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஷாமா சிரிக்கவில்லை. "அத்தை, நான் இவங்களோட நர்சுகிட்டப் போறேன்" என்றாள்.

மறுநாள் மாமியாரும் மருமகளும் இட்டோவும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்சு குச்சியில் எடுத்துப் பார்த்துவிட்டு ஏழு நாள் மாத்திரை கொடுத்தாள். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவும் போகக் கூடாது என்றாள். மாத்திரை முடிவதற்குள் நாற்றம் நின்றது. ஆனாலும் மன்னானா தினமும் மாசத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். ஏழு தாண்டியது, எட்டு தாண்டியது. ஒன்பது முடிந்து பெண் குழந்தை. தூக்கினால் தோள் வலிக்கிற கனம்.

நாற்பதாம் நாள் தாயும் பிள்ளையும் ஹம்மாமுக்கு வந்தார்கள். மன்னானா வாசலிலேயே குலவையிட்டாள். "இவளையாவது குளிப்பாட்டுவியாடி?"

"கொண்டாங்க லல்லா. உங்களவிட இவ அழகு."

அதற்கென்றே இட்டோ காலையில் சந்தைக்குப் போய் ஒரு நீலத் தொட்டி வாங்கிவைத்திருந்தாள். கடைக்காரன் முப்பத்தைந்து சொன்னானாம். இவள் இருபத்திரண்டு திர்ஹம் கொடுத்துவிட்டு வந்தாள்.