ஆத்தா திருநீறும் அணுகுண்டுப் பொட்டலமும்

இருக்கன்குடி ஆத்தாளை நம்பி வாழும் அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் சாத்தூர் செல்வியின் கும்பிடு.

போன மார்கழியில் ஒரு காலை நேரம். சென்னை விமான நிலையத்தில் என் வீட்டுக்காரரை இரண்டு அதிகாரிகள் ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். விமானம் கிளம்ப ஐம்பது நிமிடம்தான் பாக்கி. நானும் என் மகள் நிவேதாவும் வெளியே நின்றோம். அந்தக் கதவு சாத்தப்பட்டதற்குக் காரணம் வேறு யாருமில்லை, நானேதான். எப்படி என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

எங்களுக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. என் மாமனார் ஆரம்பித்தது, இப்போது என் வீட்டுக்காரர் நடத்துகிறார். நான் பிறந்தது சிவகாசி. நடக்கப் பழகும் முன்பே காகிதம் சுருட்டப் பழகிய கை என்னுடையது. தினமும் காலையில் அவர் வண்டியை எடுக்கும்போது வாசலில் நின்று ஒரே வார்த்தை சொல்லித்தான் கும்பிடுவேன்: "ஆத்தா, போனவர் திரும்பி வரணும்." பட்டாசு வீட்டுப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தீபாவளி அன்று ஊரே வெடி போடும். எங்கள் வீட்டுக்காரர் அன்றுதான் தூங்குவார். ஆடியில் பிடிக்கும் சீசன், கடைசி லோடு ஏறும் வரை மனிதருக்குச் சோறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. லோடு போனதும் அடித்துப் போட்ட மாதிரி விழுந்துவிடுவார். நிவேதாவுக்கு ஆறு வயது இருக்கும்போது அவர் படுத்திருந்த பாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "எல்லாரோட அப்பாவும் கூட நின்னு வெடி போடுறாங்க. வெடி செய்யுற எங்கப்பா மட்டும் ஏம்மா தூங்குறாரு?"

அவர் தூங்கவில்லை போல. கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஒருநா உன் கூட நின்னு வெடி பாப்பேன் தாயி. ஒரு சோலியும் இல்லாம, சும்மா நின்னு பாப்பேன்."

ஆறு தீபாவளி போய்விட்டது. ஒரு தடவை கூட நடக்கவில்லை. போன தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் அவரே வந்து சொன்னார். ஹாங்காங்கில் பெரிய தீம் பார்க் இருக்கிறதாம். ராட்டினம், கோட்டை, பொம்மை ஊர்வலம், எல்லாம் முடிந்ததும் வாணவேடிக்கை. அரைப் பரீட்சை லீவில் நாலு நாள் போய்விட்டு வரலாம் என்றார். எனக்கு நம்பிக்கையே இல்லை. வருசத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் சட்டையில் வெடிமருந்துத் தூள் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஏற்பாடு மும்முரமாக நடந்தது. நிவேதா எந்த ராட்டினத்தில் முதலில் ஏறுவது என்று அட்டவணை போட்டாள். அங்கே குளிரும் என்றதும் ஸ்வெட்டர் தேடி அலைந்தோம். விருதுநகரில் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டரா? நம்ம ஊருக்கா?" என்றார். கடைசியில் மதுரை போய் வாங்கினோம். வீட்டிலேயே மூன்று பேரும் போட்டுப் பார்த்தோம். வேர்த்துக் கொட்டியது. அப்படியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. டிராவல்ஸ்காரத் தம்பி டிக்கெட் கொடுக்க வந்தபோது சொன்னார்: "அக்கா, ஏர்போர்ட்ல பட்டாசுன்னு மட்டும் வாயத் திறந்துராதீக. எம்புட்டு கேள்வி வரும் தெரியுமா? பிரிண்டிங்னு சொல்லிருங்க. அதும் நம்ம ஊர்த் தொழில்தான?"

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. "லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, நேர்மையா செய்யுற தொழிலு. நான் எதுக்கு மறைக்கணும்?" என்றார்.

நான் விடவில்லை. பிள்ளை ஆறு வருசமாகக் காத்திருக்கிறாள் என்று அழுதேன். அச்சகம் வைத்திருக்கும் என் அண்ணனிடம் சொல்லி, என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு ஆப்செட் பிரிண்டர்ஸ் என்று விசிட்டிங் கார்டே அடித்து வாங்கிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்த மறைப்பு எனக்குப் புதிதில்லை. நிவேதா விருதுநகரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வருசா வருசம் பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'பிசினஸ்' என்றுதான் எழுதுவேன். பட்டாசு என்று எழுதினால் பிள்ளையை யாராவது ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று எனக்குள் ஒரு கூச்சம்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போனேன். ஆத்தா முன்னால் நின்று வேண்டினேன். "மூணு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணாத் திரும்பணும். அவர் பிள்ளைக்குச் சொன்ன வாக்கு நடக்கணும். நடந்தா அவர் முடிய உனக்குக் கொடுக்கேன்." அவரைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைமுடி மேல் உள்ள பிரியம் சாத்தூருக்கே தெரியும். சொந்த முடியை நேர்ந்தால் ஆத்தாளுக்குப் பெரிதாகத் தெரியுமா? அதனால்தான் அவர் முடியை நேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த திருநீறைக் கைப்பையில் வைக்கப் பொட்டலம் மடித்தேன். இங்கேதான் புத்தி கெட்டுப்போனது. எங்கள் வீட்டில் பூ மடிக்க, பலகாரம் மடிக்க எல்லாவற்றுக்கும் கம்பெனியில் இருந்து வரும் பழுப்புக் காகிதம்தான். அதைக் கிழித்தேன். கை பழக்கத்தில் உருளையாகச் சுருட்டினேன். இரண்டு பக்கமும் மடக்கினேன். பிரிந்துவிடக் கூடாதே என்று சணலை இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிள்ளை முதல் நான் வரை பட்டாசு வீட்டில் பிறந்தவர்கள் யாருக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

விமான நிலையத்தில் கைப்பை அந்த இயந்திரத்துக்குள் போனது, வெளியே வரவில்லை. ஒரு பெண் அதிகாரி பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கினார். அந்த வெளிச்சத்தில் அதைப் பார்த்ததும்தான் எனக்கே உறைத்தது. அச்சு அசல் அணுகுண்டு வெடி!

பதறிப்போய் நான் வாயைத் திறந்தேன். "அம்மா, அது வெடி இல்லைங்கம்மா, திருநீறு!"

விமான நிலையத்தில் நின்று 'வெடி' என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைத் துணியால் பொட்டலத்தைத் துடைத்து ஒரு கருவியில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. காகிதத்தில் கம்பெனி மருந்து ஒட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் கையையும் துடைத்தார்கள். மறுபடியும் சிவப்பு.

"என்ன தொழில் செய்றீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவர் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன். "பிரிண்டிங்." அவர் சட்டைப் பையில் இருந்த கார்டை நானே எடுத்து நீட்டினேன்.

"பிரிண்டிங் செய்றவர் கையில வெடிமருந்து எப்படி வரும்?"

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

தினமும் வாசலில் நின்று எதற்குப் பயந்தேனோ, அந்தப் பயம் அப்படியே முன்னால் வந்து நின்றது. போனவர் வருவாரா? எனக்கு ஆத்தா மேல் கோபமும் வந்தது. மறைக்க மாட்டேன். "காவலுக்குக் கூட வான்னு உன் திருநீறத்தான கொண்டாந்தேன். அதுவே காட்டிக் குடுத்துருச்சே. நீயே இப்படிச் செய்யலாமா?" என்று மனசுக்குள் சண்டை போட்டேன். சண்டை தீர்ந்ததும் அழுகைதான் மிஞ்சியது. "தாயே, எனக்கு வழி தெரியல. நீ பேசு" என்றேன். அவ்வளவுதான் என் வேண்டுதலெல்லாம். இரண்டே வரி.

ஆத்தா பேசினாள். ஆனால் நான் எதிர்பார்த்த பக்கத்தில் இருந்து இல்லை.

என் பக்கத்தில் இருந்த நிவேதா நேராக அந்தப் பெண் அதிகாரியிடம் போனாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "மேடம், எங்கம்மா பயத்துல பொய் சொல்லிட்டாங்க. எங்கப்பா பட்டாசு செய்யுறாங்க. அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லி போனை நீட்டினாள்.

அதில் எல்லாமே இருந்தது. கம்பெனி அலுவலகத்தில் மாட்டியிருக்கும் லைசென்ஸ், தெளிவாக. பெயர்ப் பலகைக்குக் கீழே அவர் நிற்கும் படம். மருந்து அறை வாசலில் மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும். அரைப் பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் தொழில் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தால் தடுப்பேன் என்று அப்பாவும் மகளும் எனக்குத் தெரியாமல் கம்பெனிக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். வகுப்பு முழுக்கக் கேட்க மேடை ஏறி வாசித்தும் இருக்கிறாள். கைதட்டல் வாங்கியிருக்கிறாள். நான்தான் ஊருக்குப் பயந்து மூடி மூடி வைத்திருக்கிறேன். என் மகளுக்கு அந்தக் கூச்சம் ஒரு துளி கூட இல்லை.

அந்த அம்மா போனை வாங்கி உள்ளே போனார். உள்ளே என் வீட்டுக்காரரும் கதவைச் சாத்திய உடனேயே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. லைசென்ஸ் எண்ணை எங்கோ பேசிச் சரிபார்த்தார்கள். திருநீறைத் தனியாகக் கொட்டிப் பரிசோதித்தார்கள். அது சுத்தம் என்று வந்தது. குற்றவாளி காகிதம்தான்.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்தார். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பெண் அதிகாரி திருநீறை ஒரு புதுத் தாளில் மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "முதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல அனுப்பியிருப்போம்மா. இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றார். எனக்கு ஆத்தாளே முன்னால் நின்று கண்டித்த மாதிரி இருந்தது.

விமானம் கிளம்பியிருக்கும் என்று நினைத்து ஓடினோம். கிளம்பவில்லை. இருபது நிமிடம் தாமதம் என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் தீம் பார்க்கில் வாணவேடிக்கை. மூன்று பேரும் ஸ்வெட்டருக்குள் குறுகி நின்றோம். கோட்டைக்கு மேலே முதல் வெடி விரிந்தபோது அவர் உடம்பு தானாக முன்னால் போனது, திரி சரியாகப் பற்றியதா என்று பார்க்கிறவர் மாதிரி. நிவேதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சோலி இல்ல. சும்மா பாருங்க." அவர் சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கல்யாணமான நாளில் இருந்து அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சும்மா பார்க்க அவரால் முடியுமா? "அந்தத் தங்கத் தூறல் இருக்கே, நம்மளது இன்னும் ரெண்டு நொடி கூட நிக்கும்" என்றார். கடைசி வெடி முடிந்ததும், "ஒண்ணு கூடப் புஸ்ஸுன்னு போகல. நல்ல வேலைக்காரங்க" என்று யாரோ முகம் தெரியாத தொழிலாளிகளுக்காகக் கை தட்டினார். பக்கத்தில் குழந்தையோடு நின்ற வெளிநாட்டுக்காரர்களிடம் நிவேதா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர்கள் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தையின் அப்பா வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்கப்பா இதச் செய்யுறவருன்னு சொன்னேம்மா."

நெஞ்சு நிறைந்துபோனது.

தை பிறந்ததும் இருக்கன்குடி போனோம். நேர்ச்சை விஷயத்தை ஆற்றங்கரையில் வைத்துத்தான் அவரிடம் சொன்னேன். "ஏ புள்ள, உன் முடியக் குடுக்க வேண்டியதுதான?" என்று முறைத்தார். பிறகு தானாகவே போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் ஆத்தா முன்னால் நின்றபோது ராஜா மாதிரி இருந்தார்.

ஆத்தாளுக்கு நான் நேர்ந்தது அவர் முடியை. அவள் என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டது அந்தப் பொய்யை. அந்த விசிட்டிங் கார்டுகளை அடுப்பில் போட்டேன். இந்த ஜூனில் பள்ளிப் படிவம் வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்தேன். கை நிற்கவில்லை. 'பட்டாசு உற்பத்தி' என்று கட்டத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பெரிதாக எழுதினேன். நிவேதா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து பெருசா இருக்கும்மா" என்றாள். "இருக்கட்டும்" என்றேன்.

உங்களுக்கும் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருக்கலாம். என்னைப் போலச் சண்டை போட்டாவது ஆத்தாளைக் கூப்பிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் யார் வாயில் வந்து பேசுவாள் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். பட்டாசு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருநீறை எவர்சில்வர் டப்பாவில் கொண்டு போங்கள். என்ன தொழில் என்று யார் கேட்டாலும், தலையை நிமிர்த்திச் சொல்லுங்கள்.