மனைவிக்கு நான் வாங்கிய இரண்டு கிலோ லென்ஸ்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹவுரா பக்கத்து சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில், இருபது பேர் பார்க்க நான் ஒரு மனிதரைப் பார்த்துக் கத்தினேன். அவர் செய்ததெல்லாம் என் மனைவியின் கையிலிருந்து நழுவிய கேமராவைத் தாங்கிப் பிடித்தது மட்டும்தான். இதுவரை நெருங்கிய நண்பர்களிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு திருநெல்வேலிப் பக்கம். ரயில்வே வேலையில் மாற்றலாகி கார்டன் ரீச் குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. மனைவி கல்கத்தாவிலேயே பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். தமிழில் என்னோடு பேசும்போது இரண்டு வார்த்தை யோசித்துப் பேசுவாள். வங்காளத்தில் பேச ஆரம்பித்தால் ஆளே மாறிவிடுவாள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, வாய்விட்டுச் சிரிப்பாள். எனக்கோ காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வங்காளம். மற்றபடி ஆபீஸ் இந்தியை வைத்துச் சமாளிப்பேன்.

அதற்கு முந்தைய அக்டோபரில் பூஜா விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பையன், புதுக் கேமரா வாங்கிவிட்டதால் பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பொழுதுபோக்காக பால்கனியில் வந்து உட்காரும் மைனாவை எடுக்க ஆரம்பித்தாள். நவம்பரில் யாரோ சொல்லி, ஞாயிறுதோறும் பறவை பார்க்கப் போகும் ஒரு குழுவில் சேர்ந்தாள். அங்கேதான் அவர் வந்தார்.

குழுவில் எல்லோரும் அவரை 'தாதா' என்று கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம். எனக்கு மட்டும் அவர் நம் ஊர் அர்த்தத்தில் தாதாவாகத் தெரிந்தார். என் வயதுதான். டாலிகஞ்ச் பக்கம் வீடு, ஏதோ வங்கியில் அதிகாரி. தலை நிறைய முடி. அவருடைய போட்டோவை மனைவியின் போனில் பார்த்த அன்று நான் கண்ணாடியில் என் வழுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாதா சொன்னாரு, இந்த லென்ஸ்ல பறவை எல்லாம் புள்ளி மாதிரிதான் வரும்னு. டெலிபோட்டோ வேணுமாம்."

"தாதா சொன்னாரு, காலைல சூரியன் நமக்குப் பின்னால இருக்கணுமாம்."

தினமும் ஒரு தாதா சொன்னார். அவர் அவளை 'திதி' என்று, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுகிறார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. இந்த ஊரில் பஸ் கண்டக்டர்கூட எல்லாப் பெண்களையும் திதி என்றுதான் கூப்பிடுகிறான்.

அதே சமயத்தில் அவளிடம் வேறு மாற்றங்களும் தெரிந்தன. இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். "எதுக்கு?" என்றால், "சும்மாதான்" என்றாள். புடவை கட்டுவதை விட்டுவிட்டு, முன்னால் பட்டன் வைத்த குர்தாக்களாக வாங்கினாள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மார்க்கெட் போகிறேன் என்று கிளம்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு கட்டுக் கீரையோடு வந்தாள்.

நான் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். விடை ஒன்றுதான் வந்தது.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். ஆனால் அந்தத் தப்பிலும் ஒரு பலனும் இல்லை. பாதிக்கு மேல் வங்காள எழுத்து. எனக்குப் புரிந்ததெல்லாம் நடுநடுவே வந்த 300, 400, 600 என்ற எண்கள்தான். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எதுவும் தூக்கி வர வேண்டாம். என்னுடையதையே கொண்டு வருகிறேன்.' இருபத்தேழு வருடத்தில் நான் அப்படி ஒரு வரி அவளுக்கு எழுதியதில்லை என்பது அப்போது தோன்றவில்லை. அவன் யார் எழுதுவதற்கு என்றுதான் தோன்றியது.

சண்டை போடவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். போட்டியில் இறங்கினேன்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லென்ஸ் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தேன். மில்லிமீட்டர் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். லென்ஸின் வாய் அகலமானால் குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும். தூரம் கூடினால் கை நடுக்கமும் அதிகமாகத் தெரியும், அதனால் நடுக்கம் தடுக்கும் வசதி வேண்டும். இவ்வளவும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வீடியோவிலும் எடையைப் பற்றியும் சொன்னார்கள். அதை நான் காதில் வாங்கவே இல்லை. அந்த ஆளிடம் இருப்பதைவிடப் பெரிதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை.

எஸ்பிளனேட் பக்கத்துச் சந்தில் வரிசையாகக் கேமராக் கடைகள் உண்டு. ஒரு கடையில் போய், "இருக்கறதுலேயே பெருசு எது?" என்று இந்தியில் கேட்டேன். கடைக்காரர் 150-லிருந்து 600 வரை போகும் ஒரு லென்ஸை எடுத்து வைத்தார். நல்ல லென்ஸ்தான், இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன். "யாருக்கு சார், உங்களுக்கா?" என்றார். "மனைவிக்கு" என்றேன். "தூக்கிப் பார்க்க அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். சர்ப்ரைஸ் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். பிரித்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். ஒரு நொடி அவள் முகம் சுருங்கியது. அப்புறம் சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"அந்த தாதா கிட்ட இவ்வளவு பெருசு இருக்கா?"

"இல்ல. அவரு கிட்ட சின்னதுதான்."

அந்தப் பதிலைக் கேட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது ஹூக்ளிப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஏரி. ஆகாயத்தாமரைத் திட்டுகள் மேல் நூற்றுக்கணக்கில் பழுப்பு நிற வாத்துகள். விசில் அடிப்பது போலக் கத்திக்கொண்டே இருந்தன. கரையில் கேமராக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

அவர் எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி வரவேற்றார். அடுத்து அவர் பார்வை லென்ஸ் மேல் விழுந்தது. முகம் மாறியது.

"திதி, ஏட்டா கேனோ? காந்த்?"

இது எதற்கு என்று கேட்டது புரிந்தது. 'காந்த்' புரியவில்லை.

"என்ன கேக்கறாரு?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க" என்றாள் மனைவி. அவரிடம் வங்காளத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் ஒரு பருந்து தாழப் பறந்து வந்தது. அத்தனை வாத்துகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. கரையிலிருந்த எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். கேமரா மார்பு உயரம்தான் போனது. "அம்மா!" என்று ஒரு சத்தம். இடது கை தொய்ந்து, கேமராவும் லென்ஸும் முன்னால் சாய்ந்து நழுவின. பக்கத்தில் நின்ற தாதா பாய்ந்து, அவள் கையோடு சேர்த்துக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார்.

நான் பார்த்தது அவர் கை அவள் கை மேல் இருந்ததை மட்டும்தான்.

"ஹாத் ஹடாவ்!" என்று கத்தினேன். கையை எடு என்று. இரண்டு மாத எரிச்சலும் அந்தக் குரலில் இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கேமராவை மெல்ல இறக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். தாதா லென்ஸைப் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டு, தன் கேமரா முக்காலியை மடக்கிக்கொண்டு தூரப் போய்விட்டார்.

மனைவி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். வலது கையால் இடது தோளை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"காந்த்னா தோள்" என்றாள். "தோள்ல வலி இருக்கே, இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்கன்னுதான் கேட்டாரு."

"என்ன வலி? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"செப்டம்பர்ல சொன்னேன். கைய மேல தூக்க முடியலன்னு. நீங்க டிவிய பாத்துக்கிட்டே, வயசானா அப்படித்தான்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய ஆள்தான் நான்.

தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது, சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் போனது பிசியோதெரபிக்கு. திரும்பும் வழியில் கீரை வாங்கியிருக்கிறாள்.

"அப்போ, முடி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? வாயிலிருந்து வந்துவிட்டது.

"பின்னல் போடக் கை பின்னால போகணும்ல? புடவை கட்ட முந்தானைய எடுத்துத் தோள்ல போடணும்ல?" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

அவள் தூரத்தில் நின்ற தாதாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"சீ" என்றாள். தமிழுக்கும் வங்காளத்துக்கும் பொதுவான வார்த்தை அது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எந்த லென்ஸ் வாங்கறதுன்னு அவர்கிட்ட கேட்டேன். எதை எடுக்கப் போறீங்க, எவ்வளவு தூரத்துல இருந்துன்னு கேட்டாரு. அடுத்தது, கை எவ்வளவு வெயிட் தாங்கும்னு கேட்டாரு. லென்ஸ் விக்கிறவங்க, வாங்கறவங்க எல்லாருமே கேக்கற சாதாரணக் கேள்விதானாம். ஆனா அதுக்குப் பதில் சொல்றப்போ நான் அழுதுட்டேன். வீட்டுல ஒருத்தரும் கேக்கலையேன்னு."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கும். அவள் இருக்க மாட்டாள். நான் தனியாகச் சமையலறையில் போய் நின்று பார்த்தேன். பருப்பு, மிளகாய் டப்பாக்கள் எல்லாம் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு வந்திருந்தன. எப்போது இறக்கினாள் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக அவளை விடாமல் கவனித்துக்கொண்டிருந்தவன் நான்.

ஐந்தாம் நாள் அந்த தாதாவுக்குப் போன் செய்தேன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே "பரவாயில்லை" என்று சொல்லிவிடவில்லை. அப்புறம், "லென்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் அவருக்குத் தெரிந்தவர். நான் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் மாற்றித் தந்திருக்க மாட்டார். யாரிடம் உதவி கேட்கக் கூடாது என்று நினைத்தேனோ அவரிடமே கேட்டேன்.

சனிக்கிழமை மூவரும் அந்தக் கடையில் சந்தித்தோம். அவர் எனக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டு ஓர் ஓரமாக நின்றுகொண்டார். கடைக்காரர் ஒவ்வொரு லென்ஸாக மாட்டிக் கொடுத்தார். மனைவி முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்கு உயர்த்தி மனதுக்குள் இருபது வரை எண்ணினாள். ஒன்று பன்னிரண்டிலேயே இறங்கிவிட்டது. ஒன்று பதினைந்தில். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னென்னவோ படித்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் முந்நூறு மில்லிமீட்டரில் ஒன்று, ஜூம் கிடையாது, முக்கால் கிலோதான். இருபது எண்ணிய பிறகும் அவள் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கடை வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது போதும்" என்றாள். அந்த வாரத்தில் என் முன்னால் அவள் சிரித்தது அப்போதுதான். என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நானும் கூடப் போனேன். வீட்டில் சுவரில் விரல்களை ஊன்றிக் கையை மெல்ல மெல்ல மேலே ஏற்றும் பயிற்சி உண்டு. அவள் ஏற்றுவாள், எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். கை முழுதாக மேலே போக அடுத்த மழைக்காலம் வரை ஆனது. முடியை அவள் மறுபடி வளர்க்கவில்லை. இதுதான் வசதியாக இருக்கிறது என்கிறாள்.

நானும் தாதாவும் நண்பர்கள் ஆகிவிட்டோம் என்று முடித்தால் நன்றாக இருக்கும். ஆகவில்லை. பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். பொறாமை போய்விட்டது என்று சொன்னாலும் பொய். இன்றும் அவள் அந்தக் குழுவோடு வங்காளத்தில் சத்தமாகச் சிரிக்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அப்படிக் குத்தும்போது நான் அவளை வேவு பார்ப்பதில்லை, டிவியை அணைத்துவிட்டு, "இன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.