கோமதி அத்தை பேசாமல் இருந்த மழைக்காலம்

உண்மையை மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பொய்யாக ஒரு நல்ல வார்த்தை எழுதினாலும் அத்தைக்குப் பிடிக்காது.

வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நனைந்துகொண்டே வந்தார். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. "அக்கா போயிட்டா" என்றார். அந்த அக்காதான் எனக்குக் கோமதி அத்தை. எங்கள் ஊர் மட்டாஞ்சேரிக்கே மாமி.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கடல் ஏறி வந்து வீடுகளை இழுக்கும்போது, கரையோரக் குடும்பங்கள் சுள்ளிக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். அவர்களுக்குக் கஞ்சியும் பாயும் கொடுக்கும் நிவாரணக் குழுவின் தலைவி அத்தை. அவர் நடந்து நான் பார்த்ததில்லை, ஓடுவார். எத்தனை படி அரிசி, எந்த வகுப்பில் யார் படுப்பது, எப்போது விளக்கணைப்பது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு வருடம், எரணாகுளத்துக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் கற்பிக்கும் சூசன் டீச்சர் படகேறி வந்தார். இப்படிப்பட்ட உதவிப் பணிகளை யார் தலைமை தாங்கி நடத்துகிறார்கள், அது எப்படி மாறும் என்று ஆராய்கிறவர். ஆனால் தனியாக ஆராய மாட்டாராம். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். முகாமில் கண்ட ஒரு காட்சியை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எல்லாரும் முடிக்கும்வரை யாரும் பதில் பேசக்கூடாது.

அத்தை உற்சாகமாகச் சம்மதித்தார். தன்னைப் புகழ்வார்கள் என்று நினைத்தார்.

முகாமில் தங்கியிருந்த மீன்காரி மரியா சேச்சி முதலில் பேசினார். "மாமி கம்பளி வாங்க ஆலுவாக்குப் போயி. ரோட்டில வெள்ளம், திரும்பி வர பஸ் இல்ல. இங்க அரி இருந்தது, விறகு இருந்தது, நாங்க எல்லாரும் இருந்தோம். மாமி வரட்டும், மாமி வரட்டும்னு அடுப்பை யாரும் தொடல்ல. பிள்ளைகள் அழுது அழுது உறங்கிப்போச்சு."

அடுத்தவரும் அந்த நாளையே சொன்னார். அதற்கடுத்தவரும். அத்தை வளையலை உருட்டினார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "அடுப்பு மூட்டாதேங்கோன்னு நானா சொன்னேன்? ஒரு பூட்டு உண்டா, சாவி உண்டா?" கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். மறுநாள் டீச்சரிடம், "நான் விலகிக்கறேன்" என்றார்.

"விலகிப் போறது எளுப்பம் மாமி," என்றார் டீச்சர். "அங்கேயே இருந்தும் மிண்டாம, வாய் திறக்காம இருக்க முடியுமோ?"

அடுத்த மழைக்காலம் அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. சமையல் நேரம் வந்தது. கூடப் போயிருந்த நான் உட்பட எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். கடைசியில் மரியா சேச்சிதான் கத்தினார்: "மாமியை எதுக்கு நோக்குறது? மாமியோட முகத்திலா அடுப்பு இருக்கு? தீப்பெட்டி எடு!"

சிரிப்பு எழுந்தது. அடுப்பும் எரிந்தது. அத்தையும் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தார். திரும்பும் வழியில் என் காதில் மட்டும், "உப்பு ஜாஸ்தி" என்றார். சற்று தூரம் போய், "ஆனா சூடா இருந்துதுடி" என்றார்.

"வருத்தமா அத்தை?"

"வருத்தம்தான். இருந்துட்டுப் போகட்டும்."

பேசாமல் இருக்க அவர் முழுதாகப் பழகவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மழைச் சத்தம் கேட்டால் அந்தக் கால் ஆடும். "முகாம் திறந்தாச்சா?" என்பார். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொள்வார்.

வியாழக்கிழமையும் முகாம் நடந்துகொண்டிருந்தது. துக்கத்துக்காக அன்று சமையல் வேண்டாம் என்று குழுவில் ஒருவர் சொன்னாராம். மரியா சேச்சி விடவில்லை. "மாமி போன நாளில பிள்ளைகள் பட்டினி கிடந்தா, மாமி எழுந்து வந்து என்னையாக்கும் ஏசும்!" கஞ்சி கொடுத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தையின் காலருகே நின்றார்கள். அந்தக் கால் ஆடவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை மாலை அதே வகுப்பறையில் அஞ்சலிக் கூட்டம். கடைசி பெஞ்சில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து எல்லாருக்கும் கஞ்சி.

போய் வாருங்கள் அத்தை. உப்பு இன்றைக்குச் சரியாக இருந்தது.

பாய்களை விரித்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. விளக்குகளை அணைத்தார்கள்.